பிரயாணிகளின் பத்திரிகாசிரியர்

ஊர் பார்க்கப் புறப்படுகிறவர் டிக்கெட்டுக்கும் தங்குமிடத்துக்கும் உணவுக்கும் ஒரே கம்பெனியிடம் முன்பணம் கட்டிவிட்டு நிம்மதியாக வண்டி ஏறுவது இன்று சாமானிய ஜனங்களுக்கும் எட்டிய காரியமாகிவிட்டது. இந்த ஏற்பாட்டை ஒரு தொழிலாக நிலைநாட்டியவர் இங்கிலாந்து தேசத்துத் தாமஸ் குக் என்பதைப் பலரும் அறிவர். ஆனால் அவர் அச்சுத் தொழிலில் ஊறியவர் என்பதும், பிரயாண ஏஜெண்டு என்று பெயரெடுப்பதற்கு முன்னரே பத்திரிகை நடத்தியவர் என்பதும் அவ்வளவாக எடுத்துரைக்கப்படுவதில்லை. பிறர் போட்ட பாதையில், பிறர் ஓட்டிய வண்டியில், தயக்கமின்றி ஏறிச் செல்லும் துணிவை ஜனங்களுக்கு அளித்ததே அவர் செய்த பெருங்காரியம். அந்தத் துணிவு அச்சிட்ட காகிதத்தின் வழியாகவே அவர்களிடம் சென்று சேர்ந்தது என்பது என் துணிபு.

1808 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆம் தேதி, டார்பிஷயரைச் சேர்ந்த மெல்போர்ன் என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பால்யத்திலேயே தந்தையை இழந்ததால் பத்து வயதில் படிப்பு நின்றது. நாளொன்றுக்கு ஒரு பென்னி கூலிக்குத் தோட்ட வேலை செய்தார். பிறகு உறவினர் ஒருவரிடம் மரக் கடைசல் பழகினார். அங்கிருந்து லஃப்பரோ நகரில் பாப்டிஸ்ட் சபையின் நூல்களை அச்சிட்டு வந்த ஜோசப் விங்க்ஸ் என்பவரின் அச்சுக்கூடத்துக்கு வந்ததுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1828 இல் அச்சபையின் கிராமப் பிரசாரகராக நியமனம் பெற்று, மறு ஆண்டில் மட்டும் 2,692 மைல் சுற்றினார். அதில் 2,106 மைல் கால்நடையாகவே சென்றதாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறார். நடந்த தூரத்தைக்கூட மைல் விடாமல் குறித்து வைத்த இந்த வழக்கத்தை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும்; பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதற்கும் ரயில் கால அட்டவணை அச்சிட்ட ஸ்தாபனத்துக்கு இவரே ஸ்தாபகர்.

பிரசாரகருக்குச் சம்பளம் கொடுக்கச் சபைக்கு வசதியில்லாமற் போகவே, அவர் மார்க்கெட் ஹார்பரோவில் மீண்டும் கடைசல் பட்டறை வைத்தார். 1833 இல் மரியான் மேசன் என்ற மாதரசியை மணந்தார். அவ்வாண்டின் முதல் தினத்திலேயே மதுவை விலக்குவதாகப் பிரதிக்ஞையும் செய்திருந்தார். அக்காலத்தில் ஆலைத் தொழிலாளி தன் ஓய்வு நேரத்தையும் கூலியையும் மதுக்கடையிலேயே கரைத்து வந்தான். வேறு புகலிடம் அவனுக்கு இருக்கவில்லை. இந்த அவலத்தைக் கண்டு மனம் வெதும்பிய குக், மதுவிலக்கை வலியுறுத்தித் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டு, 1840 இல் சிறுவர்களுக்கென்றே ஒரு மதுவிலக்குப் பத்திரிகையும் தொடங்கினார்.

1841 ஜூன் 9 ஆம் தேதி, லெஸ்டர் நகரத்து மதுவிலக்குக் கூட்டத்துக்காகப் பதினைந்து மைல் நடந்து செல்கையில், புதிதாக ஓடத் தொடங்கியிருந்த ரயிலை இப்பிரசாரத்துக்கே பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. மிட்லண்டு கவுண்டீஸ் ரயில்வேயின் காரியதரிசியைக் கண்டு பேசித் தனி வண்டி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். ஜூலை 5 ஆம் தேதி, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஏறத்தாழ 500 பேர், கூரையில்லாத வண்டிகளில், வாத்தியக் கோஷ்டி முழங்க, லெஸ்டரிலிருந்து பதினோரு மைல் தொலைவிலுள்ள லஃப்பரோவுக்குச் சென்று, பூங்கா ஒன்றில் தேநீரும் விளையாட்டும் பிரசங்கமுமாகப் பொழுதைக் கழித்துத் திரும்பினர். கூட்டத்தை ஏற்றிக்கொண்டு உல்லாச ரயில்கள் அதற்கு முன்பும் ஓடியதுண்டு. ஆகையால் இதுவே உலகத்தில் முதலாவது என்று சொல்வது பொருந்தாது. ஆயினும் மறுநாளும் மறு ஆண்டும் அதே வேலையைத் தொடர்ந்து செய்யும் உறுதி படைத்த ஒருவர் இதன் மூலம் தோன்றினார்.

பின்னர் அவர் லெஸ்டரிலேயே குடியேறி அச்சுக்கூடமும் புத்தகக் கடையும் வைத்துப் பிழைத்தார். சில கோடைகாலங்களில் மதுவிலக்குச் சங்கங்களுக்காகவும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளுக்காகவும் பயணங்கள் நடத்தியபின், 1845 இல் லிவர்பூலுக்கு நடத்திய யாத்திரையையே லாபம் கருதிய முதல் முயற்சியாகக் கொண்டார். புறப்படுவதற்கு முன் தாமே அந்த வழியில் சென்று பார்த்து, விடுதிகளை விசாரித்து, காணத்தக்க இடங்களைப் பற்றிய கைநூலொன்றை எழுதித் தமது யந்திரத்திலேயே அச்சிட்டுப் பிரயாணிகளுக்கு வழங்கினார். அந்நிய ஊரில் தடுமாறாமல் நிற்கப் படித்தவனுக்கு மட்டுமே இருந்த வசதி, அந்தச் சிறு நூலினால் நெசவாளிக்கும் கிடைத்தது.

1851 ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மகா கண்காட்சியே அவரைத் தேசம் முழுவதும் அறியச் செய்தது. கண்காட்சியின் கண்ணாடி மாளிகையை அமைத்த ஜோசப் பாக்ஸ்டன், வடபகுதித் தொழிலாளரைத் திரட்டி அழைத்து வரும் பொறுப்பைக் குக் ஏற்க வேண்டுமென்று தூண்டினார். வாரந்தோறும் சிறு தொகை செலுத்தும் சேமிப்புச் சங்கங்கள் தொழில் நகரங்களில் எழும்பின; குக்கின் குமாரர் ஜான் மேசன் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினார். ரயில் கம்பெனிகள் போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் லண்டனுக்குப் போய்வர ஐந்து ஷில்லிங்குக்கு இறக்கிவிட்டன. அக்கண்காட்சிக்குக் குக் அழைத்துச் சென்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர் என்பர். அச்சமயத்தில், கண்காட்சிச் செய்தியையும் உல்லாசப் பயண விளம்பரத்தையும் தாங்கி அவர் தொடங்கிய பத்திரிகைதான் பின்னர் ‘எக்ஸ்கர்ஷனிஸ்ட்’ என்ற பெயரில் பல தசாப்தங்கள் நீடித்தது.

அப்பத்திரிகையை விளம்பரத்தாள் என்று ஒதுக்கிவிடலாகாது. வண்டி புறப்படும் நேரமும் கட்டண விகிதமும் அதில் இடம்பெற்றன என்பது மெய்யே. அவற்றோடு, சென்று வந்தோரின் அனுபவங்களும், ஆசிரியரே எழுதிய பயண வர்ணனைகளும், தாக்கியவர்களுக்கு அவர் அளித்த பதில்களும் வந்தன. பிற்காலத்தில் பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் தனிப் பதிப்புகளும் எழுந்தன. 1865 இல் இத்தாலியில் பிரிட்டிஷ் துணைக் கான்சலாக இருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் லீவர், குக்கின் கூட்டங்களைப் பழித்து, ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த குற்றவாளிகளையே இத்தாலிக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார் என்ற பொருள்படப் புனைபெயரில் எழுதினார். உயர்குலத்தாரின் தனியுடைமையாக இருந்த காட்சிகளைக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியையும் காண்பது அவருக்குப் பொறுக்கவில்லை. குக் வாளாவிருக்கவில்லை, வெளிநாட்டு மந்திரிக்கும் முறையிட்டு, உழைத்து வாழ்வோரும் உலகின் எழிலைக் காண உரிமையுடையவரே என்று எழுத்திலேயே போராடினார். இப்போராட்டத்தில் நியாயம் முழுவதும் குக்கின் பக்கமே இருந்தது. ஆண் துணையின்றி அயல்நாடு செல்வது பெண்டிருக்கு அரிதாயிருந்த அக்காலத்தில், 1863 இல் அவர் நடத்திய ஸ்விட்சர்லாந்து யாத்திரையில் யார்க்ஷயரைச் சேர்ந்த ஜெமைமா மொரெல் போன்ற பெண்கள் பனிமலைகளில் ஏறினார்கள். அந்த அம்மையார் எழுதிய நாட்குறிப்பு நூறு ஆண்டுகள் கழித்து நூலாகவே வெளிவந்தது.

அவர் கண்டுபிடித்த ஏனைய சாதனங்களும் அச்சுக்கூடத்தின் சந்ததிகளே. 1868 இல் வந்த ஹோட்டல் கூப்பனை எடுத்துக்கொள்ளலாம். பிரயாணி தன் ஊரிலேயே பணம் கட்டி ஒரு சீட்டுக் கற்றையை வாங்கிக்கொள்வான். அயல்நாட்டு விடுதியில் காலை உணவுக்கு ஒரு சீட்டு, இரவுப் போஜனத்துக்கு ஒரு சீட்டு, படுக்கைக்கு ஒரு சீட்டு என்று கிழித்துக் கொடுத்தால் போதும். விடுதிக்காரர் அவற்றைக் குக்கின் காரியாலயத்துக்கு அனுப்பிப் பணம் பெற்றுக்கொள்வார். பாஷை தெரியாதவனையும் பேரம் பேசத் தெரியாதவனையும் அந்தக் காகிதத்துண்டு காப்பாற்றியது. 1874 இல் வந்த பிரயாண உண்டியல் சீட்டும் இந்த வழியில் பிறந்ததே.

1872 செப்டம்பரில் சிறு குழுவொன்றுடன் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, அமெரிக்கா, ஜப்பான், சீனா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா வழியாக 222 நாட்களில் குக் உலகைச் சுற்றி வந்தார். புறப்பட்டபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஜூல்ஸ் வெர்னின் எண்பது நாள் உலகப் பிரயாணக் கதை பாரிஸ் பத்திரிகையில் தொடராக வந்ததும் அந்த ஆண்டின் இறுதியிலேதான். போகும் வழியிலெல்லாம் அவர் எழுதியனுப்பிய கடிதங்களை லண்டன் ‘டைம்ஸ்’ பிரசுரித்தது. 1873 மார்ச்சில் அவருடைய கம்பெனி ஐரோப்பிய ரயில் கால அட்டவணையை வெளியிட்டது. பம்பாயில் கிளை திறந்த பின்னர், இந்திய முஸ்லிம்களின் ஹஜ் யாத்திரையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் சர்க்காரால் சில ஆண்டுகள் அக்கம்பெனியிடம் விடப்பட்டிருந்தது.

குமாரர் ஜான் மேசன் கணக்கிலும் நிர்வாகத்திலும் தந்தையை விஞ்சியவர். ஆனால் தந்தைக்கு வியாபாரமும் தர்மமும் வேறு வேறல்ல. கம்பெனிப் பணம் மிஷன் காரியங்களுக்குச் செல்வதை மகன் ஏற்கவில்லை. மனத்தாங்கல் முற்றி, 1878 அளவில் முதியவர் விலகிக்கொண்டார். 1880 இல் ஒரே மகளையும், நான்கு ஆண்டுகளில் மனைவியையும் இழந்தார், பார்வையும் மங்கிப்போயிற்று. 1891 இல் கம்பெனியின் பொன்விழா லண்டனில் சிறப்புற நடந்தபோது அவர் அங்கே இல்லை. பிறந்த ஊரில் எளியோருக்காகப் பதினான்கு குடில்களைக் கட்டிவைத்து, 1892 ஜூலை 18 ஆம் தேதி லெஸ்டரில் உயிர் நீத்தார். மகனின் திறமையால்தான் கம்பெனி உலகெங்கும் பரந்தது என்பதை ஒப்புக்கொண்டாலும், ஜனங்கள் அப்பெயரின் மீது வைத்த நம்பிக்கை தந்தை தேடிவைத்த சொத்து என்றே கருதுகிறேன்.

பேரர்கள் 1928 இல் கம்பெனியை விற்றார்கள். 1948 இல் அது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உடைமையாயிற்று. 1972 இல் மீண்டும் தனியார் கைக்குச் சென்று, பல கைகள் மாறி, பெருங்கடனில் மூழ்கி, 2019 செப்டம்பர் 23 ஆம் தேதி திவாலாயிற்று. வெளிநாடுகளில் அகப்பட்டுக்கொண்ட ஒன்றரை லட்சம் பிரிட்டிஷ் பிரயாணிகளை அரசாங்கமே திருப்பி அழைத்து வரவேண்டியதாயிற்று. 1873 இல் தொடங்கிய ரயில் அட்டவணையை அக்கம்பெனி 2013 இலேயே நிறுத்திவிட்டிருந்தது. ஆனால் அதைத் தயாரித்து வந்த சிலர் தாங்களே ஒரு சிறு நிறுவனம் அமைத்து, 2014 முதல் அதைத் தொடர்ந்து அச்சிடத் தொடங்கினர்.