கணக்கில் வராத ஒரு சாவு

துப்பறியும் கதையில் பூரணம் என்று பேச்செடுத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது பேரேட்டின் பூரணம்தான். 1928ல் அமெரிக்கரான எஸ்.எஸ். வான் டைன் இருபது விதிகளை எழுதினார். மறு வருஷம் ரானல்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பத்துக் கட்டளைகள் வகுத்தார். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, முன்தயாரிப்பில்லாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்கிற ரீதியில். கடைசிப் பக்கத்தில் பற்றும் வரவும் நேராகிவிடும். வாசகன் நிம்மதியாகத் தூங்கப் போவான்.

இதிலிருந்து விலகியவர் நிஜமாகவே கணக்கெழுதிப் பிழைத்தவர் என்பது விசேஷம். ரேமண்ட் சான்ட்லர் எண்ணெய்க் கம்பெனியொன்றில் கணக்கராகச் சேர்ந்து உபதலைவர்வரை உயர்ந்தவர். 1932ல், 44வது வயதில், குடியினால் வேலை போயிற்று. எழுத்தைத் தொழிலாகவே பயின்றார். எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் கதையொன்றைச் சுருக்கி வைத்துக்கொண்டு, தானே அதைத் திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவுப் பத்திரிகையில் 1933 டிசம்பரில் வந்த முதல் கதைக்கு ஐந்து மாதம் உழைத்தார். 18,000 வார்த்தை, வார்த்தைக்கு ஒரு சென்ட், 180 டாலர். அதே 1933ல் பெரி மேஸன் வரிசையைத் தொடங்கிய கார்ட்னர், வாயால் சொல்லிச் சொல்லியே எண்பதுக்கு மேல் நாவல்களை முடித்தார். சான்ட்லர் முடித்தது ஏழு.

அரைத்தாள் அளவு மஞ்சள் சீட்டுகளில் டைப் அடிப்பது சான்ட்லரின் வழக்கம். பிசகினால் அந்தச் சீட்டை மட்டும் மறுபடி அடிக்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் உயிருள்ள ஏதாவது இருந்தாக வேண்டும். பூரணத்தின் அளவுகோல் கதையமைப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு இறங்கிவிட்டது. இதை நான் ஒரு பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன்.

விலை இல்லாமலில்லை. பழைய கதைகளைப் பிரித்துத் தைத்த 'தி பிக் ஸ்லீப்' (1939) நாவலில் ஒரு கார் டிரைவர் கடலில் விழுந்த காருக்குள் பிணமாகக் கிடக்கிறான். கொலையா, தற்கொலையா? நாவலில் பதில் இல்லை. படமெடுத்த ஹோவர்ட் ஹாக்ஸ் தந்தியடித்துக் கேட்டார். தனக்கும் தெரியவில்லை என்று சான்ட்லரே பிற்பாடு ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இவர்தான் 1944ல் எழுதிய கட்டுரையில் ஏ.ஏ. மில்னின் துப்பறியும் நாவலை எடுத்துக்கொண்டு அதன் தர்க்கப் பிழைகளை ஆடிட்டரைப் போல ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டியவர்!

வேண்டுமென்றே விட்ட மௌனம் என்று பக்தர்கள் சொல்லலாம். எனக்கு அது வெறும் கவனக்குறைவாகத்தான் படுகிறது. நேராகாத தொகையை ஸஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற உத்தியோகம் என்னுடையது. அந்தத் தொகை தூக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் இந்த நாவலை இரண்டு முறை படித்தும் டிரைவர் விட்டுப்போனதை நான் கவனிக்கவில்லை. மழையும் அந்த வீடுகளும் மனிதர்கள் பேசுகிற விதமுமே மனசில் நின்றன.

1945ல் முடிந்த படத்தில், நடந்ததையெல்லாம் விளக்கிச் சொல்லும் காட்சியொன்று இருந்தது. 1946ல் வெளியிடுமுன் அதை வெட்டினார்கள். போகார்ட்டும் பகாலும் பேசிக்கொள்ளும் காட்சிகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.