முற்றத்திற்கு வந்த பள்ளி

மும்பையிலிருந்து சூரத் நோக்கி ரயிலில் செல்லும் நம்மவர்கள், தகாணுவைக் கடந்ததும் வரும் கோல்வட் நிலையத்தைச் சப்போட்டாப் பழத்தின் பொருட்டு அறிந்திருப்பார்கள். அதனருகே கடலோரத்தில் போர்டி என்றொரு சிற்றூர் உண்டு. இன்று பாரதமெங்கும் வழங்கும் ‘அங்கன்வாடி’ என்ற சொல்லின் வரலாறு அவ்வூரோடு பிணைந்தது.

அவ்வரலாற்றின் முதல் ஏடு குஜராத்தில் எழுதப்பட்டது. வழக்கறிஞராயிருந்த கிஜுபாய் பதேகா, தம் மகனை எவ்வாறு வளர்ப்பது என்று ஆராயப் புகுந்து, மாண்டிசோரி அம்மையாரின் முறையில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். தொழிலைத் துறந்து 1920ஆம் ஆண்டில் பாலமந்திரம் ஒன்றை நிறுவினார். அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தது 1939இல்தான் என்பதை இங்கே நினைவு கூரலாம். பிரம்பு ஆட்சி செலுத்திய அக்காலத்தில் பாட்டும் கதையும் கொண்டு கற்பித்த கிஜுபாயை ‘மீசை வைத்த தாய்’ என்றே மக்கள் அழைத்தனர்.

அவருடன் பணிபுரிந்த தாராபாய் மோடக் அம்மையாரை ஒரு குறை உறுத்தியது. பாலமந்திரத்தின் பயன் பெரும்பாலும் நகரத்து வசதியுள்ள இல்லங்களோடு நின்றுவிட்டது. ஆகவே 1945ஆம் ஆண்டில் அவர் போர்டிக்குச் சென்று கிராமக் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். பதின்மூன்று வயதில் மணமாகி, சில மாதங்களிலேயே கைம்மை எய்தி, பின்னர் கற்றுத் தேறி ஆசிரியையான அனுதாயி வாக் அவருக்குத் துணையாக வந்தார்.

பள்ளி திறந்தது, ஆயினும் சேரிக் குழந்தைகள் வரவில்லை. தீண்டாமையின் நிழல் அகலாத ஊரில் அவர்கள் எங்ஙனம் துணிந்து வருவர்? குழந்தை பள்ளிக்கு வராவிடில் பள்ளியே குழந்தையிடம் போகட்டும் என்று அம்மையார் முடிவு செய்தார். ஆசிரியைகள் குடிசைகளுக்கு நடுவே இருந்த முற்றத்திற்குச் சென்று, அங்கேயே பிள்ளைகளைக் கூட்டினர். முற்றத்தில் நடந்த அப்பள்ளியே அங்கன்வாடி. தமிழிலும் முற்றத்திற்கு ‘அங்கணம்’ என்ற பழஞ்சொல் இருப்பதால், இப்பெயர் நமக்கு அத்துணை அந்நியமன்று.

அங்கே முதற்பாடம் எழுத்தன்று. குளிப்பாட்டுவது, தலை வாருவது, நகம் களைவது ஆகியவையே நாளின் தொடக்கம். விலையுயர்ந்த மாண்டிசோரி உபகரணங்களின் இடத்தைப் புளியங்கொட்டை, கிளிஞ்சல், கூழாங்கல், இலை ஆகியவை பெற்றன. எண்ணவும் வகைப்படுத்தவும் விரல்களைப் பழக்கவும் இவை போதும். செலவைக் குறைத்ததைவிட, தன் ஊர்ப் பொருளே கல்விக்கு உகந்தது என்று குழந்தை உணரச் செய்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

1950களின் பிற்பகுதியில் இப்பணி அண்மையிலுள்ள கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கே வார்லிப் பழங்குடியினரின் பிள்ளைகள் மாடு மேய்க்கச் சென்றனர். ஆசிரியர்களும் மேய்ச்சல் நிலத்திற்கே சென்று கற்பித்தனர். சிறுமிகளோ தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்ததால் படிக்க இயலவில்லை. அதனால் கைக்குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப் பள்ளி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தனர். தொட்டில் ஒருபுறம், அக்காளின் சிலேட்டு மறுபுறம்!

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் நிலையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரே அமைந்தது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடற்பரிசோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அத்திட்டத்தில் அடங்கும். ஆனால் நம்மில் பலர் அதனைச் சத்துணவு வழங்கும் இடமாக மட்டுமே எண்ணுகிறோம். போர்டியின் முற்றத்தில் குளியலும் கிளிஞ்சலும் பாட்டும் பிரிக்க இயலாத ஒரே பணியாக இருந்தன.

தாராபாய் அம்மையார் 1973இல் காலமானார். அனுதாயி கோஸ்பாட்டிலேயே தங்கி, 1992இல் மறையும்வரை அக்குழந்தைகளுக்காக வாழ்ந்தார்.