மரம் அடர்ந்த நிலத்துக்கு எந்த மினி டிராக்டர்? வாங்கும் முன் நிலத்தை அளந்து பாருங்கள்

போர்டிக்சன்: தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் மற்றவர் நிலத்தில் உழைத்து ஓய்வு பெற்றவருக்கு, சொந்தமாக மூன்று ஏக்கர் என்பது வெறும் நிலம் அல்ல. அது வாழ்நாள் சேமிப்பு. லுக்குட், சிலியாவ், லிங்கி, பாசிர் பாஞ்சாங் என இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்ட சிறு நிலங்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: கொஞ்சம் செம்பனை, பழைய ரப்பர் மரங்கள், நாலைந்து டுரியான், ரம்புத்தான், மிச்சம் லாலாங்கும் பெலுக்காரும். பாராங்கும் தோளில் மாட்டும் புல்வெட்டியும் கொண்டு சமாளிக்க உடம்பு இடம் கொடுக்காதபோது, பிள்ளைகள் சொல்வது, "ஒரு மினி டிராக்டர் வாங்கிவிடலாம், அப்பா" என்பதுதான்.

வாங்கலாம். ஆனால், ஊழியர் சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியை விழுங்கும் முடிவு அது. தவறான வண்டி கொட்டகையில் துருப்பிடிக்கும். அதைவிட மோசமாக, மேட்டில் கவிழ்ந்து ஆளைக் கொல்லும். எனவே கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பது அல்ல. "என் நிலம் எப்படிப்பட்டது?" என்பதே முதல் கேள்வி.

முதலில் நிலத்தை நடந்து பாருங்கள்

ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, அளவு நாடாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு நிலம் முழுவதும் நடக்க வேண்டும். நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சரிவு. 10 அடி நீளமுள்ள நேரான பலகை ஒன்றின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, ரசமட்டம் கொண்டு பலகையைச் சமமாகப் பிடிக்க வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் பலகைக்கும் தரைக்கும் இடையே 2 அடி 8 அங்குலம் இருந்தால், அந்தச் சரிவு ஏறக்குறைய 15 பாகை. அதற்கு மேல் சரிந்த இடத்தில் சாதாரண மினி டிராக்டரை இறக்காமல் இருப்பதே நல்லது. மண் ஈரமாக இருந்தாலோ, பின்னால் பாரம் இருந்தாலோ, அதைவிடக் குறைந்த சரிவும் ஆபத்துதான்.

இரண்டாவது, மரங்களுக்கு இடையே உள்ள இடைவெளி. செம்பனையைச் சுமார் 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நடுவது வழக்கம் என்பதால், அங்கே வண்டி நுழையச் சிரமம் இல்லை. பழ டூசுன் அப்படி அல்ல. மரங்கள் கண்ட இடத்தில் நிற்கும். ஆகக் குறுகிய இடைவெளியையும், ஆகத் தாழ்ந்த கிளையின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கட்டைகள். புல்லுக்குள் மறைந்திருக்கும் பழைய ரப்பர் மரக் கட்டைதான் டிராக்டரின் முதல் எதிரி. ஒவ்வொன்றின் அருகிலும் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி வையுங்கள்.

நான்காவது, தண்ணீர் நிற்கும் இடம். அக்டோபர், நவம்பர் மழையில் எந்த மூலை சேறாகிறது என்பது நிலத்தில் வேலை செய்பவருக்குத் தெரியும். அந்த இடத்தையும் படத்தில் குறியுங்கள்.

காடு அழிப்பது டிராக்டரின் வேலை அல்ல

பலரும் ஏமாறும் இடம் இதுதான். பெலுக்காரை அழித்து, கட்டைகளைப் பிடுங்கி, வழி வெட்டுவது எக்ஸ்கவேட்டரின் வேலை. ஓட்டுநரோடு அதை வாடகைக்கு எடுத்தால், ஓரிரண்டு நாளில் அந்த வேலை முடியும். அதன் பிறகு நிலத்தை அப்படியே பராமரிக்க, அதாவது புல் வெட்ட, உரம் ஏற்ற, குலை இழுக்க, மட்டை அகற்ற மினி டிராக்டர் உதவும். கட்டை பிடுங்குவதற்காகப் பெரிய டிராக்டர் வாங்குவது, ஒரு நாள் விருந்துக்காக வீட்டை இடித்துக் கட்டுவது போன்றது.

வெட்டிய செடிகொடிகளைக் கொளுத்திவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. வரிசையாகக் குவித்து மக்க விடுவதே வழி. மண்ணுக்கும் அதுவே நல்லது.

எத்தனை குதிரைத்திறன்?

மினி டிராக்டர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 20 முதல் 50 குதிரைத்திறன் வரையிலான வண்டிகளை. விளம்பரத்தில் உள்ள எண் என்ஜினின் திறன். பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேருவது அதைவிடக் குறைவு. 30 குதிரைத்திறன் வண்டியில் ஏறக்குறைய 25 கிடைக்கும்.

புல்லும் சிறு புதரும் வெட்டும் சிலேஷர் கருவிக்கு, அதன் அகலத்தில் ஓர் அடிக்கு 5 பி.டி.ஓ. குதிரைத்திறன் என்பது நடைமுறைக் கணக்கு. 4 அடி சிலேஷருக்கு 20, 5 அடிக்கு 25. மரங்களுக்கு இடையே நுழைய 4 அல்லது 5 அடி சிலேஷரே வசதி. ஆகவே, ஐந்து முதல் பத்து ஏக்கர் வரை உள்ள மரம் அடர்ந்த நிலத்துக்கு 25 முதல் 35 குதிரைத்திறன் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் வண்டி அகலமாகும், திரும்பும் வட்டம் பெரிதாகும், விலையும் ஏறும்.

பழைய வண்டியோடு ரோட்டவேட்டர் இலவசம் என்று சொல்லி விற்பார்கள். காய்கறிப் பாத்திக்கு அது நல்ல கருவி. ஆனால் செம்பனை, டுரியான் ஆகியவற்றின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல் மண்ணில்தான் படர்ந்திருக்கும். மரத்தடியில் ரோட்டவேட்டர் ஓட்டினால் அந்த வேர்கள் அறுபடும்; கிளறிய மண்ணை அடுத்த மழை சாக்கடைக்குக் கொண்டுபோகும். மர நிலத்தில் வெட்டுங்கள், கிளறாதீர்கள்.

சக்கரமும் டயரும்

மேடும் சேறும் உள்ள இடத்தில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே வேண்டும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி விலை குறைவு. ஆனால் மழைக்காலத்தில் அதை இழுக்க இன்னொரு வண்டி தேவைப்படலாம்.

ஆழமான பட்டைகள் கொண்ட விவசாய டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். தடித்த பக்கச்சுவர் கொண்ட தொழில்துறை வகை டயர் கட்டையையும் முள்ளையும் அதிகம் தாங்கும். மேட்டு நிலத்தில் கட்டைகள் நிறைய இருந்தால் இரண்டாவது வகையையும், தாழ்வான ஈர நிலத்துக்கு முதல் வகையையும் பாருங்கள். காற்று அடைக்கும் வால்வைக் குச்சிகள் முறிக்காதபடி மறைப்பு, வயிற்றுப் பகுதிக்கு இரும்புத் தகடு, ரேடியேட்டருக்குக் கம்பிவலை ஆகிய மூன்றும் காட்டு வேலைக்குச் செய்ய வேண்டிய சிறு செலவுகள். லாலாங் பஞ்சு ரேடியேட்டரை அடைத்தால் என்ஜின் கொதித்துவிடும்; வேலை நடக்கும்போதே இடையில் நிறுத்தி அதைத் துடைக்க வேண்டும்.

கியரில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. மிதி அழுத்தினால் முன்னும் பின்னும் போகும் ஹைட்ரோஸ்டேட்டிக் வகை, மரங்களுக்கு இடையே அடிக்கடி நின்று திரும்பும் வேலைக்கு எளிது. புதிதாக ஓட்டப் பழகுபவருக்கும் ஏற்றது. சாதாரண கியர் வண்டி விலை குறைவு, திறன் இழப்பும் குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம்.

விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று

ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் இரும்புச் சட்டத்தைச் சிலர் அழகுக்கு என்று நினைக்கிறார்கள். அது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் சட்டம். ஆங்கிலச் சுருக்கத்தில் ரோப்ஸ் என்பார்கள். சுவீடன் 1959லேயே புதிய டிராக்டர்களில் அதைக் கட்டாயமாக்கியது. கவிழ்ந்து இறப்பவர்களின் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. இந்தச் சட்டமும் இருக்கைவாரும் சேர்ந்து, கவிழ்வதால் வரும் மரணத்தைத் தடுப்பதில் 99 விழுக்காடு பயன் தருகின்றன என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் கூறுகிறது. சட்டம் இருந்து வார் போடாவிட்டால், கவிழும்போது ஆள் வெளியே விழுந்து, அதே சட்டத்தின் அடியில் சிக்கக்கூடும்.

தாழ்ந்த கிளைகள் உள்ள டூசுனுக்கு மடக்கும் வகைச் சட்டம் வாங்கலாம். கிளையைக் கடந்ததும் மீண்டும் நிமிர்த்திவிட வேண்டும். டுரியானும் செம்பனை மட்டையும் விழும் இடத்தில் தலைக்கு மேல் உறுதியான கூரையும் தேவை.

மரத்துண்டை இழுக்கும்போது சங்கிலியை வண்டியின் தாழ்ந்த இழுகம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். மேல் இணைப்பில் மாட்டினால் முன் சக்கரங்கள் தூக்கி, வண்டி பின்பக்கமாகப் புரளும். அது முழுவதும் புரள ஏறக்குறைய ஒன்றரை வினாடி போதும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. சரிவில் குறுக்காக ஓட்டாமல் நேராக ஏறி, நேராக இறங்குங்கள்.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9 சுற்று சுழலும். கைலி, கழுத்துத் துண்டு, சேலை முந்தானை எதுவும் அதன் பக்கம் போகக் கூடாது. தண்டின் மேல் உறை இல்லாத வண்டியை வாங்காதீர்கள். சிலேஷரில் பட்ட கல் நூறு அடிக்கு மேலும் பறக்கும். பேரப் பிள்ளையை மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டும் பழக்கம் அறவே வேண்டாம்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டி

கையில் உள்ள பணத்துக்கு ஏற்றது என்று பலர் தேடுவது, ஜப்பானில் ஓடி இங்கே புதுப்பித்து விற்கப்படும் குபோத்தா, யன்மார், இசேக்கி வண்டிகளை. என்ஜின் உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால், அவற்றில் பல நெல் வயலுக்காகச் செய்யப்பட்ட இலகுவான வண்டிகள். பழைய வண்டிகளில் கவிழ்வுக் காப்புச் சட்டமே இல்லாமல் இருப்பதும் உண்டு. பி.டி.ஓ.வில் பல வேகங்கள் இருக்கும். 540 சுற்றுக்குச் செய்த சிலேஷரை அதிக வேகத்தில் ஓட்டினால் கத்தி பிய்த்துக்கொண்டு போகலாம். சில பழைய வண்டிகளில் கிளட்சை மிதித்த பிறகும் சிலேஷரின் சுழல் வேகம் வண்டியை முன்னே தள்ளும். மரத்தில் மோதிய பிறகுதான் காரணம் புரியும். அதைத் தடுக்க ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற சிறு உறுப்பைப் பொருத்த வேண்டும்.

பார்க்கப் போகும்போது முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த என்ஜின் உடனே பிடிக்கிறதா, புகை நீலமாக வருகிறதா, கியர் எண்ணெய் பால் போல் கலங்கியிருக்கிறதா, தூக்கிய கருவி தானே இறங்குகிறதா, முன் அச்சில் எண்ணெய் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மணிக்கணக்கு மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதை மாற்ற முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாடலுக்கு உதிரிப்பாகம் சிரம்பானிலோ கிள்ளான் பள்ளத்தாக்கிலோ கிடைக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நாட்டின் சராசரி செம்பனை விளைச்சல் ஓர் எக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 16 டன். மூன்று ஏக்கரில் ஏறக்குறைய 19 டன் வரும். மாதம் இருமுறை வெட்டினால், ஒரு வெட்டுக்கு 800 கிலோ. அதற்கு டிராக்டர் தேவையில்லை. தள்ளுவண்டியோ மூன்று சக்கர மோட்டார் வண்டியோ போதும். பத்து ஏக்கரில் ஒரு வெட்டுக்கு இரண்டரை டன்னுக்கு மேல் வரும். அங்கேதான் டிராக்டரும் டிரைலரும் தங்கள் விலையை நியாயப்படுத்தத் தொடங்கும்.

உதாரணத்துக்கு, 40,000 ரிங்கிட் வண்டி பத்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 4,000 ரிங்கிட். ஆண்டில் 40 மணி நேரம் மட்டுமே ஓட்டினால், ஒரு மணிக்கு 100 ரிங்கிட். இது டீசலும் பழுதுச் செலவும் சேராத கணக்கு. இந்த அளவு வண்டி மணிக்கு 3 முதல் 5 லிட்டர் டீசல் குடிக்கும். தீபகற்ப மலேசியாவில் 10 ஜூன் 2024 முதல் எல்லாருக்குமான டீசல் உதவித்தொகை நீக்கப்பட்டதையும் மறக்க வேண்டாம். அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். விடை தானே தெரியும்.

ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டும். 5,000 கிலோவுக்கு மேற்போகாத சக்கர டிராக்டருக்கு ஜே.பி.ஜே. வழங்குவது எஃப் வகை உரிமம். நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குப் பொதுச் சாலை வழியே ஓட்ட வேண்டியிருந்தால், பதிவு, சாலை வரி, காப்புறுதி பற்றி முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவருக்குப் பெரிது, நால்வருக்கு அளவு

மூன்று ஏக்கர்காரர் ஒருவருக்கு டிராக்டர் அதிகம். பக்கத்து நிலத்துக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் பன்னிரண்டு ஏக்கர். அப்போது கணக்கு மாறுகிறது. யார் ஓட்டுவது, எந்த வாரம் யாருக்கு, எண்ணெய் மாற்றும் செலவு யாருடையது, உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டால் சண்டை வராது. ஓட்டும் மணி நேரத்தைக் குறிக்கும் ஒரு புத்தகம் வண்டியிலேயே இருக்கட்டும். புது வண்டிக்கு முதல் 50 மணி நேரத்தில் எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதை அந்தப் புத்தகம்தான் நினைவூட்டும்.

இது நம் மக்களுக்குப் புதிய பாடம் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தனி ஒருவரால் வாங்க முடியாத தோட்டத்தைப் பலர் சேர்ந்து வாங்க முடிந்தது. ஒரு டிராக்டருக்கும் அதே வழிதான்.

முடிவெடுக்கும் முன் ஒரு பருவத்துக்கு வண்டியை வாடகைக்கு எடுத்து, சொந்த நிலத்தில் ஓட்டிப் பாருங்கள். எந்த மேட்டில் வண்டி தயங்குகிறது, எந்த மரத்தடியில் அது திரும்பவில்லை என்பதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். நிலம் சொல்லும்.