கையடக்கக் கணினியின் வரலாற்றில் வேகமும் மின்கலமும்

பொழுதுபோக்குக் கருவிகளின் வரலாறு கற்றோராற் பெரிதும் பொருட்படுத்தப்படுவதில்லை. போர்க்கருவியும் உழவுகருவியும் பெற்ற ஆராய்ச்சியில் நூற்றிலொரு பங்கினையேனும் விளையாட்டுக் கருவிகள் பெற்றில. ஆயினும், ஒரு காலத்தின் கைத்தொழிலறிவு எந்த எல்லையிற் சென்று தடைப்பட்டது என்பதை அறிய விரும்புவோர்க்கு விளையாட்டுக் கருவியே நல்ல சான்றாகும். போர்க்கருவிக்குச் செலவு ஒரு தடையன்று. ஆலைப்பொறிக்குப் பாரம் ஒரு குறையன்று. சிறுவனொருவன் பையிலிட்டுச் செல்லும் பொருளோ விலை, பாரம், வெப்பம், மின்சாரம் என்னும் நான்கிற்கும் ஒருங்கே கணக்குக் கொடுத்தல் வேண்டும். கையடக்க விளையாட்டுக் கணினியின் வரலாறு இக்கணக்கின் வரலாறே.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பலர் வேகத்தையே அளவுகோலாகக் கொள்வர். ஆண்டுதோறும் செயலி விரைவு பெற்றது, திரை தெளிவு பெற்றது, ஆதலால் முன்னையது வீழப் பின்னையது வென்றது என்பது அன்னோர் கூற்று. நிகழ்ச்சிகளை ஆண்டு முறையில் வைத்து நோக்கின் இக்கூற்று நிலைபெறுமாறில்லை.

கையடக்க விளையாட்டுக் கருவியின் தாய் கணிப்பான் எனலாம். யப்பானிய நிறுவனமாகிய பிசிகொம் தன் கணிப்பான்களுக்கு வேண்டிய சில்லுகளை அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்திடம் வேண்டியதன் பயனாகவே 1971இல் 4004 என்னும் நுண்செயலி விற்பனைக்கு வந்தது. அதில் அமைந்த திரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 2300. ஈராண்டு கழித்து ஷார்ப் நிறுவனம் திரவப் பளிங்குத் திரை பொருத்திய கணிப்பானை வெளியிட்டது. அதன்பின் கணிப்பான் வணிகத்திற் கடும்போட்டி மூண்டு விலைகள் சரிந்தன. சில்லும் திரையும் மலிந்து கிடந்த அந்நிலையிலேதான் விளையாட்டுப் பொருள் செய்வோர் அவற்றின்மீது கண் வைத்தனர். அமெரிக்காவில் 1979இல் வெளிவந்த மைக்ரோவிஷன், பலகைக்குப் பலகை மாற்றி வெவ்வேறு ஆட்டங்கள் ஆடத்தக்கதாயிருந்தது. எனினும் அதன் திரையில் அகலத்தில் 16, உயரத்தில் 16 என 256 புள்ளிகளே இருந்தன. அது நெடுநாள் நிலைக்கவில்லை.

நிலைத்தவை கியோட்டோ நகரிற் பிறந்தன. அந்நகரில் 1889இல் பூச்சீட்டுச் செய்யும் கடையாகத் தொடங்கிய நிண்டெண்டோ நிறுவனத்திற் கும்பெய் யொக்கோய் என்பார் 1965இல் வேலைக்கமர்ந்தார். சீட்டு அச்சிடும் பொறிகளைப் பராமரிப்பதே அவருக்குக் கிடைத்த பணி. ஓய்வுவேளையில் அவர் செய்துவைத்த நீள்கைப் பொம்மையொன்றைக் கண்ட தலைவர் அதனை விற்பனைக்குக் கொண்டுவரப் பணித்தார்; பொறி பராமரித்தவர் பொம்மை வகுப்பவரானார். பின்னொருகால் விரைவு இரயிலில் அலுவலர் ஒருவர் பொழுதுபோகாது கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை அவர் கண்டார் என்றும், அக்காட்சியே 1980இல் வெளிவந்த 'கேம் அன்ட் வோச்' என்னும் சிறு விளையாட்டுக் கருவிக்கு வித்தாயிற்று என்றும் கூறுவர். அவ்வரிசையில் வந்த கருவிகள் 4 கோடிக்கு மேல் விற்பனையாயின.

யொக்கோய் தமது கொள்கையை, வாடிய தொழில்நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்தல் என வரையறுத்தார். வாடிய என்னுஞ் சொல் ஈண்டு இகழ்ச்சிப் பொருளிலே வரவில்லை. வெட்டிய பச்சைமரம் தச்சனுக்கு உதவாது. காய்ந்து, திரும்பி, இனித் திரும்பமாட்டாது என்ற நிலையெய்திய மரமே உதவும். அதுபோல விலை தணிந்து, குறைகள் யாவும் வெளிப்பட்டு, எவரும் புதுமையென வியவாத உறுப்புக்களையே அவர் தேர்ந்தார். வியப்பு, ஆட்டத்தில் இருத்தல் வேண்டும். உறுப்பில் அன்று என்பது அவர் துணிபு.

இத்துணிபு 1989இற் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரலில் யப்பானில் வெளிவந்த கேம் பாய், விளக்கில்லாத பசுமை படர்ந்த திரையும் நான்கே நிறச்சாயலும் உடையது. செயலியின் துடிப்பு 4.19 மெகாஹேர்ட்ஸ்; வேலைநினைவகம் 8 கிலோபைற்று. விரைந்தோடும் உருவங்கள் திரையில் வால் விட்டுச் சென்றன. மாலை மங்கின் ஆட்டம் தெரியாது. அதே ஆண்டிற் புறப்பட்ட அட்டாரி லிங்ஸ், வண்ணத்திரையும் பின்னொளியும் பெற்றது. அதன் படங்கள் பெருகியும் சுருங்கியும் தடையின்றி இயங்கின. அமிகா என்னும் புகழ்பெற்ற கணினியை வகுத்தோருள் இருவரே அதனையும் வகுத்தனர். அடுத்த ஆண்டு சேகா நிறுவனத்தின் கேம் கியரும் வண்ணத்தோடு வந்தது. கருவிகளை ஒருங்கே மேசைமீது வைத்துப் பார்த்த எவரும் கேம் பாய் வெல்லும் எனக் கூறியிரார்.

வென்றது அதுவே. லிங்ஸ் ஆறு மின்கலங்களை நான்கைந்து மணிநேரத்தில் உண்டு தீர்த்தது. கேம் கியரின் பசியும் அத்தகையதே. கேம் பாயோ நான்கு மின்கலங்களில் ஏறத்தாழப் பதினைந்து மணிநேரம் ஓடியது. விளக்கும் வண்ணமும் இன்மையாகிய குறையே இந்நெடுவாழ்வை ஈந்தது. விலையும் அமெரிக்காவில் 90 டொலரளவாக, லிங்ஸின் விலையிற் பாதியாயிருந்தது. கேம் பாயும் அதன் வண்ணவழித்தோன்றலும் சேர்ந்து 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடியோடு நின்றது.

இவ்வெற்றிக்கு மின்கலத்தைக் காரணங் காட்டுதல் பொருந்தாது, தெற்றிஸ் என்னும் ஆட்டமே காரணம் என வாதிப்போர் உளர். மொஸ்கோவிற் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் அலெக்சி பாஜித்னோவ் 1984இல் ஆக்கிய அவ்வாட்டம், அமெரிக்காவில் ஒவ்வொரு கேம் பாயோடும் சேர்த்து வழங்கப்பட்டது உண்மையே. ஆயின் தெற்றிஸ் எத்தகைய ஆட்டம்? நிறம் வேண்டாதது, உருவங்கள் மெல்ல இறங்குவது, தொடங்கினால் எழுந்துபோக ஒண்ணாதது. மங்கிய திரைக்கும் நீடித்த மின்கலத்துக்கும் அதனினும் இயைந்த ஆட்டம் வேறில்லை. ஆகவே அவ்வாதம் மின்கல வாதத்தை மறுப்பதன்று. அதற்கு அரண் செய்வதேயாகும்.

இனி, இதற்கு முற்றிலும் மாறான இன்னொரு மரபினை நோக்குதல் வேண்டும். கணினியின் உறுப்புக்களைத் தாமே தேர்ந்து, தாமே பூட்டி, அவற்றின் முழுவலிமையையும் கறந்தெடுக்க முயலும் ஆர்வலரின் மரபு அது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலிருந்த எம்.ஐ.ரி.எஸ். என்னும் சிறு நிறுவனத்தின் ஆல்டேர் 8800, 1975 சனவரி மாதத்துப் பொப்புலர் எலக்ட்ரோனிக்ஸ் இதழின் அட்டையில் வெளிவந்தமையை இம்மரபின் தோற்றுவாய் எனல் தகும். உறுப்புத் தொகுதியாக வந்த அதனை வாங்கியவரே பற்றாசு வைத்துப் பூட்டல் வேண்டும். எழுத்துப்பலகை இல்லை, திரை இல்லை, நினைவகம் 256 பைற்று. இருந்தும் வாங்குவோர் திரண்டனர். அவ்வாண்டு மார்ச் 5ஆந் திகதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் கார்க்கொட்டகையில், ஹோம்புரூ கணினிக் கழகம் முதன்முறை கூடிற்று. அங்கிருந்தோருள் ஒருவர் ஸ்டீவ் வொஸ்னியாக். மறுவருடம் அப்பிள் நிறுவனத்தின் முதற்கணினியாய் வந்தது அவர் வகுத்ததே.

ஐ.பி.எம். நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாட் கணினி எவரும் வாங்கத்தக்க உறுப்புக்களால் ஆயது. அதன் அமைப்பு விளக்கமும் அச்சில் வந்தது. அந்நிறுவனம் தனக்கென வைத்திருந்த அடிப்படை நிரலைக் கொம்பாக் நிறுவனத்தார் சட்டத்துக்கு மாறுபடாவண்ணம் புதிதாக எழுதி 1982இல் இணைக்கணினியை அறிவித்தனர். அதன்பின் உறுப்புச் சந்தை உலகெங்கும் விரிந்தது. கணினி ஓர் உருவமாயிருந்த நிலைமாறிப் பகுதிகளின் கூட்டாயிற்று.

இவ்வார்வலரின் மனப்பாங்கைத் தெளிவாகக் காட்டுவது 1998இல் நிகழ்ந்த செலிரோன் நிகழ்ச்சி. இன்டெல் நிறுவனம் குறைந்த விலையில் விற்ற செலிரோன் 300ஏ என்னும் செயலி, பலகையின் 66 மெகாஹேர்ட்ஸ் துடிப்பை நான்கரை மடங்காக்கி 300இல் இயங்குமாறு அமைந்தது. அந்நான்கரை மடங்கு மாற்றவொண்ணாதது. பலகையின் துடிப்போ மாற்றத்தக்கது. அதனை 100 ஆக்கியோர் 450 மெகாஹேர்ட்ஸ் பெற்றனர். செயலியின் உள்ளேயே 128 கிலோபைற்று விரைநினைவகம் இருந்தமையால், பன்மடங்கு விலையுடைய செயலிகளோடு அது தோளிணையாய் நின்றது. வெப்பம் மிகுமாயின் பெரிய விசிறி பொருத்தினர். மின்சாரம் மிகுதியாய்ச் செலவாயினும் கவலையில்லை. சுவரிலுள்ள மின்துளை அவர்களுக்கு வற்றாத ஊற்று.

கியோட்டோவின் மரபுக்கு மின்சாரம் முதலில் எண்ணவேண்டிய பொருள். கலிபோர்னியாவின் மரபுக்கு எண்ணவே வேண்டாத பொருள். இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றுசேராமைக்குக் காரணம் இதுவே. சில்லில் அமையும் திரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ ஈராண்டுக்கொருமுறை இரட்டித்தன. மின்கலம் அவ்வாறு வளர்வதன்று. அதன் ஆற்றல் வேதியியலுக்குக் கட்டுப்பட்டது. சொனி நிறுவனம் 1991இல் லிதியம் அயன் மின்கலத்தை வணிகத்துக்குக் கொணர்ந்தது பெரும் முன்னேற்றமெனினும் இடைவெளியை அது நிரப்பிற்றில்லை. அதே சொனி 2004இல் வெளியிட்ட பி.எஸ்.பி. என்னும் கையடக்கக் கருவியின் செயலி 333 மெகாஹேர்ட்ஸில் இயங்கவல்லதாயிருந்தும், மின்கலங் கருதி 222இல் நிறுத்தப்பட்டிருந்தது; அத்தடை 2007இலேயே நீங்கிற்று.

இரு மரபையும் இணைக்கும் முயற்சி கொரியாவில் தொடங்கிற்று. அங்கு 2001இல் வெளிவந்த ஜி.பி.32, வாங்கியவர் தாமே எழுதிய நிரல்களையும் ஏற்றது. 2005இல் வந்த ஜி.பி.2எக்ஸ் லினக்ஸ் முறைமையிலே இயங்கிற்று. இவற்றின்பாற் பற்றுக்கொண்ட பயனர் சிலர், வேண்டிய கருவியை நிறுவனம் எதுவும் செய்து தாராதென உணர்ந்து தாமே பண்டோரா என்னும் கருவியை வகுத்தனர். முற்காலத்தில் ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றியோர் கையொப்பக்காரரிடம் முன்பணம் வாங்கியமை போல இவர்களும் 2008இல் வாங்குவோரிடம் பணம் பெற்றனர். பொருள் கைசேரத் தொடங்கியது 2010 மே மாதத்தில். அச்சேற்றியோர் பட்ட பாடும் இதனிற் குறைந்ததன்று.

சீனாவின் சென்சென் நகரத்து ஜி.பி.டி. நிறுவனம் இதே முறையில் முன்பணம் திரட்டி 2016இல் வெளியிட்ட ஜி.பி.டி. வின், ஐந்தரை அங்குலத் திரையில் மேசைக்கணினியின் ஆட்டங்களை ஓட்டிக் காட்டிற்று. எனினும் இம்மரபு பெருந்திரளான மக்களிடம் சென்றது 2022 பெப்ரவரியில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் மூலமே. வின்டோஸ் முறைமைக்கு எழுதப்பட்ட ஆட்டங்களை லினக்ஸில் ஓட்ட 1993இலே தொடங்கிய வைன் என்னும் கூட்டு முயற்சியின் வழிவந்த மென்பொருள் அதற்குத் துணையாயிற்று. கேம் பாயின் உடலைப் பூட்டிய மூவிதழ்த் திருகாணி சாதாரண கருவிக்கு இணங்காதது. ஸ்டீம் டெக்கிற்கோ வெளியீட்டுக்கு முன்பே, அதனைத் திறக்கும் முறையை நிறுவனமே எச்சரிக்கையோடு படமெடுத்துக் காட்டிற்று.

அதன் செயலி 4 முதல் 15 உவாற்று வரை உண்பது. மின்கலம் 40 உவாற்று-மணி. திரையும் பிறவும் சேர்ந்து கருவி 20 உவாற்று உண்ணுமாயின் இரண்டு மணிநேரத்தில் ஆட்டம் முடிந்தது. இங்கேதான் எவரும் எதிர்பாராத மாற்றம் நிகழ்ந்தது. செலிரோனின் துடிப்பை ஏற்றி மகிழ்ந்த அம்மரபினரே இப்பொழுது துடிப்பை இறக்கலாயினர். செயலிக்கு 15 உவாற்றுக்குப் பதில் 8 உவாற்றுப் போதுமா, வினாடிக்கு 60 படங்களை 40 ஆகக் குறைத்தால் கண்ணுக்கு உறுத்துமா, அதனால் எத்தனை நிமிடம் மிஞ்சும் என்பனவே அவர்தம் ஆராய்ச்சியாயின. யொக்கோய் கியோட்டோவில் இருந்துகொண்டு கோடிக்கணக்கானோர்க்காக ஒரே முறை செய்த தீர்ப்பை இன்று ஒவ்வோர் ஆட்டக்காரனும் ஆட்டத்துக்கு ஆட்டம் தானே செய்துகொள்கிறான். வகுப்போன் கையிலிருந்த அதிகாரம் வாங்குவோன் கைக்கு மாறியதே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம். வேகத்தின் பெருக்கம் அதற்கு அடுத்ததே.

நிறுவனங்களும் இதனைப் பிந்தியே உணர்ந்தன. அசூஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ரொக் அலை, ஸ்டீம் டெக்கினும் விரைவானது. செயலிக்கு 25 உவாற்று வரை வழங்கியது. மின்கலமோ அதே 40 உவாற்று-மணி. அவ்வாண்டு நவம்பரில் வால்வ் தன் கருவியைப் புதுக்கியபோது சில்லை நுணுக்கிச் சேமித்த மின்சாரத்தை வேகத்துக்குக் கொடாது நேரத்துக்கே கொடுத்தது. மின்கலத்தையும் 50 ஆக்கிற்று. அடுத்த ஆண்டு அசூஸ் தன் புதிய கருவியோடு வந்தது. செயலி பழையதே. எடை 608 கிராமிலிருந்து 678 கிராமாயிற்று. மின்கலம் 40இலிருந்து 80 ஆயிற்று.