கரடி விடலீங்க... நிஜக் கரடி!

ஒருத்தன் ஓவரா அளந்து விட்டா "கரடி விடாதடா"ன்னு சொல்லுவோம். நல்ல நேரத்துல குறுக்க வந்தா "சிவபூஜையில கரடி". (அந்தக் கரடி மிருகமே இல்ல, கரடிகைங்கற வாத்தியம்னு சொல்றவங்களும் உண்டு.) பேச்சுல இவ்வளவு புழங்கற மிருகத்தைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது என்ன? ஸ்கூல்ல படிச்ச ரெண்டு நண்பர்கள் கதை. ஒருத்தன் மரத்துல ஏறிடுவான், இன்னொருத்தன் மூச்சை அடக்கிப் படுத்துக்குவான், கரடி மோந்து பார்த்துட்டுப் போயிடும்.

அது கிரேக்க நாட்டு ஈசாப் கதை. நம்ம ஊர்க் கரடிக்கு நல்லா மரம் ஏறத் தெரியும் :-)

மதுரையைச் சுத்தி இருக்கறவங்க லீவு விட்டா சதுரகிரி, மேகமலை, கொடைக்கானல்னு கிளம்பிடறோம். அந்த மலைகள்ல இருக்கறது தேன்கரடி. இமயமலைப் பக்கம் இருக்கற கருங்கரடி வேற இனம். இந்தத் தேன்கரடி எப்ப வரும், எங்க நிக்கும்னு நம்ம முன்னோர்கள் 2000 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க. எங்கன்னா, காதல் பாட்டுல!

சங்க இலக்கியத்துல கரடிக்கு 'எண்கு'ன்னு பேர். அகநானூறு எட்டாம் பாட்டுல (பெருங்குன்றூர் கிழார் எழுதினது) நடுராத்திரியில ஒரு ஆண் கரடி ஈரப் புற்றை நகத்தால பறிக்குது. உள்ள இருக்கற பாம்பு மிரண்டு போகுது. 72-ஆம் பாட்டுல இன்னொரு கரடி. புற்று மேல மின்மினி மொய்ச்சிருக்கு. கரடி தோண்டத் தோண்ட பூச்சிங்க தீப்பொறி மாதிரி பறக்குது. பார்க்க, கொல்லன் இரும்படிக்கற மாதிரி இருக்காம். என்னா ஒரு விஷுவல்!

ஆனா அழகுக்காக மட்டும் எழுதினது இல்ல. ராத்திரியில மலைப்பாதை ஏறி காதலியைப் பார்க்க வர்றான் ஒருத்தன். "இந்த வழியில வர்றானே, என்ன ஆகுமோ"ன்னு பொண்ணுங்க பதறற இடம் அது. நேரம் ராத்திரி, இடம் புற்று, தீனி புற்றுக்குள்ள இருக்கற கரையான். மூணுமே கரெக்ட். வேற அகநானூற்றுப் பாட்டுகள்ல இலுப்பைப் பூ தின்ன வர்ற கரடியும் இருக்கு. அதுவும் கரெக்ட்தான். இந்த நூலைத் தொகுத்தவர் நம்ம மதுரைக்காரர், உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மர்ங்கறது கூடுதல் சந்தோஷம்.

மேற்கு மலையைத் தாண்டி ஜனங்க வந்து போனதுக்கும் மதுரையிலயே தடயம் இருக்கு. நாகமலை புதுக்கோட்டை பக்கத்துல முத்துப்பட்டி - கரடிப்பட்டி (ஊர்ப் பேரைப் பாருங்க!) பெருமாள் மலையில தமிழ்ப் பிராமி கல்வெட்டுகள் இருக்கு. அதுல ஒண்ணு முசிறிங்கற ஊர்ப் பேரைச் சொல்லுது. முசிறின்னா சேர நாட்டுத் துறைமுகம். அங்கிருந்து மதுரைக்கு வரணும்னா மலையைக் கடந்துதான் வரணும். அந்த ஜனங்களுக்குக் கரடி கதையில வர்ற மிருகமா இருந்திருக்காது.

அப்புறம் ஐரோப்பாக்காரன் வந்தான். 1791-ல ஜார்ஜ் ஷாங்கறவர் இதோட நீளமான நகத்தையும் பல் இல்லாத இடத்தையும் பார்த்துட்டு, தென் அமெரிக்காவுல மரத்துல தொங்கற 'ஸ்லாத்' குடும்பத்துல சேர்த்துட்டாரு. பின்னாடி வந்தவங்க கரடின்னு திருத்தினாலும், இங்கிலீஷ்ல இன்னிக்கும் 'ஸ்லாத் பேர்'தான். நிஜத்துல மேல்வரிசை முன்பல்லு ரெண்டு இல்லாதது, கரையானை வேக்யூம் கிளீனர் மாதிரி உறிஞ்சறதுக்கு. வெள்ளைக்காரன் ஆட்சியில புலி, சிறுத்தையோட கரடியைக் கொன்னாலும் பரிசுப் பணம். 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறுச்சு.

சட்டம் மாறினாலும் நமக்கு அந்தப் பழைய அறிவு திரும்பி வரல. 2022 நவம்பர்ல தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்துல, பைக்குல மசாலா விக்கப் போன ஒருத்தரைக் கரடி தாக்குச்சு. காப்பாத்த வந்தவங்கள்ல ரெண்டு பேரையும் கடிச்சுது. கூட்டம் கல்லெறிஞ்சு விரட்டப் பார்த்தது. கடைசியில மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு காட்டுக்குள்ள கொண்டு போனாங்க. ஆனா கரடி பிழைக்கல. மூணு பேர் படுகாயம், ஒரு கரடி சாவு. யாருக்கு லாபம்?

இது ஏன் இப்படிப் பாயுதுன்னா, கண்ணும் காதும் சுமார், மூக்குதான் கூர்மை. சத்தமா உறிஞ்சித் தின்னுக்கிட்டு இருக்கும்போது நாம வர்றதே அதுக்குத் தெரியாது. திடீர்னு பக்கத்துல ஆளைப் பார்த்தா மிரளும். புலி இருக்கற காட்டுல வளர்ந்த இனம். ஓடித் தப்பிக்கறதை விட எதிர்த்துப் பாயறதுதான் அதோட டீஃபால்ட் செட்டிங். முதுகுல குட்டி இருந்தா கேக்கவே வேணாம். பெரும்பாலும் குறி வைக்கறது முகத்தையும் தலையையும்.

அதனால மலையேறற மக்களே,

விடியறதுக்கு முன்னாடியும் பொழுது சாஞ்ச பிறகும் நடக்காதீங்க. வனத்துறை நேரம் குறிச்சு விடறது உங்களைக் கடுப்பேத்த இல்ல.

தனியா போகாதீங்க. பேசிக்கிட்டே போங்க. காதுல பாட்டு மாட்டிக்காதீங்க.

புதுசா தோண்டின புற்று, பழம் உதிர்ந்த மரத்தடி பார்த்தா சுத்திப் போங்க.

தூரத்துல கரடியைப் பார்த்தா மெதுவா பின்வாங்குங்க. ஓடாதீங்க, கல்லெறியாதீங்க, செல்போனைத் தூக்காதீங்க.

மேல பாய்ஞ்சுட்டா குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் கோத்துப் பின்கழுத்தை மூடி, முகத்தைக் காப்பாத்துங்க. மூச்சை அடக்கறது முக்கியம் இல்ல, முகம்தான் முக்கியம்.

முதல் மூணையும் அகநானூற்றுத் தோழிகிட்ட சொல்லிப் பாருங்க. "இதைத்தானே நானும் சொன்னேன்"னு சிரிப்பா.