தெமட்டகொடை: மண்ணுக்கடியில் கிடக்கும் வரலாறு

கொழும்பின் வரலாற்றை எழுதியோர் கோட்டை, துறைமுகம், கோயில், தேவாலயம் எனக் கண்ணுக்குத் தெரிந்தவற்றையே பெரிதும் எழுதினர். வீதிக்கு அடியில் கிடக்கும் வரலாற்றை எழுதியோர் மிகச் சிலரே. அவ்வரலாறு மறக்கப்படும்போது அதற்கான விலையைக் கொடுப்பவர் குழி வெட்டும் தொழிலாளி. தெமட்டகொடையும் அதன் சுற்றுப்புறமும் இதற்குத் தக்க சான்று.

தெமட்டகொடைக்கு அருகே மாளிகாகந்தையில் உள்ள நீர்த்தேக்கத்தை வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். 1886இல் நிறைவுற்ற லபுகம நீர்த்தேக்கத்தின் நீர், ஏறத்தாழ 25 மைல் தூரம் இரும்புக் குழாயில் வந்து இங்கு சேர்ந்தது. அதற்கு முன்னரே தெருவிளக்குகளுக்காக நிலக்கரி வாயுக் குழாய்கள் நகரில் பதிக்கப்பட்டிருந்தன. அந்த வாயு விளக்குகள் அணைந்து பல காலமாயிற்று. புறக்கோட்டையின் காஸ்வேர்க்ஸ் வீதி மட்டும் அவற்றின் நினைவைப் பெயரில் சுமந்து நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழிவுநீர்க் குழாய்களும், அவற்றையடுத்து மின்கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் மண்ணுக்குள் சென்றன. துறைமுகத்திலிருந்து தெமட்டகொடையை அடுத்த கொலன்னாவ எண்ணெய்க் களஞ்சியத்துக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் குழாய்களும் இப்பகுதியின் நிலத்தடியில்தான் ஓடின. அவற்றின் பாதைமீது வீடுகள் எழுந்தமையால், பழுதுபார்ப்பதும் புதிய குழாய் பதிப்பதும் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டன.

இவை ஒவ்வொன்றுக்கும் உடையவர் வேறு. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961இலும், மின்சார சபை 1969இலும், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 1975இலும் தோன்றியவை. அவரவர் வரைபடம் அவரவர் அலுமாரியில். பழைய வரைபடங்கள் பலவும் வீதியோரத்திலிருந்து இத்தனை அடி என்றே குழாயின் இடத்தைக் குறித்தன. பேஸ்லைன் வீதியைப் போல ஒரு வீதி அகலிக்கப்பட்டால் வீதியோரம் நகர்ந்துவிடும், குழாய் நகராது. சரியாக வரையப்பட்ட படமே பொய்யாகிவிடுகிறது.

இதன் விளைவை உலகம் கண்டிருக்கிறது. 1976 ஜூன் 16ஆம் திகதி, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் வீதி அகலிக்கும் பணியின்போது அகழ்பொறி ஒரு பெற்றோல் குழாயை உடைத்தது. தீயில் ஒன்பது பேர் மாண்டனர். அகழ்வதற்கு முன் ஒரே இடத்துக்கு அறிவித்தால், எல்லா நிறுவனங்களும் வந்து தத்தம் குழாய்களைத் தரைமேல் நிறத்தால் குறிக்கும் நடைமுறை அங்கு வேரூன்ற இத்தகைய விபத்துகள் காரணமாயின. மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் மஞ்சள், குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை, தொலைத்தொடர்புக்குச் செம்மஞ்சள். தமிழகத்துத் தொழிலாளர் பலர் மண் வெட்டும் சிங்கப்பூரிலோ, உரிமம் பெற்ற கேபிள் கண்டறிவோர் வந்து பார்த்த பின்னரே அகழ்வு தொடங்கவேண்டும் என்பது சட்டம்.

கருவிகள் துணைசெய்யும், ஆனால் அவற்றை மட்டும் நம்பலாகாது. மின்காந்தக் கருவி உலோகக் குழாயையும் மின்னோட்டமுள்ள கம்பியையும் காட்டும். பிளாஸ்டிக் குழாயைத் தானாகக் காட்டாது. தரை ஊடுருவும் ராடார் அதையும் காட்டக்கூடியது. எனினும் ஈரக் களிமண்ணில் அதன் அலை விரைவில் வலுவிழக்கும். கால்வாயோரத் தாழ்நிலங்களில் இது சிறிய குறையன்று. ஆகவே குறியிட்ட இடத்தில் கையால் ஒரு சோதனைக் குழி வெட்டி, குழாயைக் கண்ணால் கண்டபின்னரே இயந்திரத்தை இறக்குவது முறை. கைவிடப்பட்ட குழாயையும் வரைபடத்தில் பதியவேண்டும். செத்த குழாய் எது, உயிருள்ள குழாய் எது என்பதை மண்வெட்டி அறியாது.

வீதியின் அடியில் எங்கே எது கிடக்கிறது என்பது பல இடங்களில் மூத்த தொழிலாளர்களின் நினைவில்தான் தங்கியிருக்கிறது. அவர்கள் ஓய்வுபெறும்போது வரைபடத்தின் ஒரு பக்கமும் அவர்களோடு போய்விடுகிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பதும் வரலாற்றுப் பணியே. அதனால் காக்கப்படுவது ஏடு மாத்திரமன்று, நாளை அந்தக் குழிக்குள் இறங்கப்போகிறவரின் உயிரும்தான்.