வியட்நாம் யுத்தமும் அமெரிக்கச் சேனை கற்ற பாடங்களும்

திருக்குறளின் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. படையெடுத்துச் செல்லும் அரசன் எண்ணித் துணிய வேண்டியவை இம்மூன்றுமாம். வலிமிக்க ஓர் அரசு தன் வலியை மாத்திரம் அளந்து, காலத்தையும் இடத்தையும் அளவாது பிறநாட்டிற் புகுமாயின் நேர்வது யாதென்பதற்கு, அண்மைக்கால வரலாற்றிலே வியட்நாம் யுத்தம் தெளிவான சான்றாகும். அத்தோல்வியிலிருந்து அமெரிக்கச் சேனை எவற்றைக் கற்றது, எவற்றைக் கல்லாது விட்டது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கப் போர்ப்படைகள் அங்கு செல்லுமுன்னரே, பிரான்சியர் 1946 முதல் 1954 வரை போரிட்டுத் தோற்றிருந்தனர். மலைசூழ்ந்த டியென் பியென் பூப் பள்ளத்தாக்கிலே அவர்கள் அமைத்த அரண் 1954 மார்ச் 13 இல் தாக்கப்பட்டு மே 7 இல் வீழ்ந்தது. அம்மலைகளிலே பெரும் பீரங்கிகளை ஏற்றி நிறுத்துதல் இயலாதென்று பிரான்சியத் தளபதிகள் கணித்திருந்தனர். வோ நுயென் கியாப்பின் வீரர்களோ கயிறு கட்டி இழுத்து அவற்றை ஏற்றினர். அடுத்த மாதம் 19 ஆம் இலக்க நெடுந்தெருவிலே, அன் கே என்னும் ஊரைவிட்டுப் பின்வாங்கிய பிரான்சிய மோட்டார்ப் படையணியொன்று பதுங்கியிருந்தோராற் சிதைக்கப்பட்டது. 1965 இல் அமெரிக்கர் தமது ஹெலிகொப்டர்ப் படைப்பிரிவுக்குத் தளம் அமைத்ததும் அதே அன் கேயிலேதான். தெருவழிச் செல்லும் படை பதுங்கியிருப்போர்க்கு இரையாகும், ஆதலின் வான்வழிச் செல்வோம் என்பது பிரான்சியர் தோல்வியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம். அது பிழையான பாடமன்று, ஆயினும் அரைப்பாடம். தெருவின் இருமருங்கிலுமுள்ள மக்கள் எவர் பக்கம் நிற்கின்றனர் என்னும் கேள்விக்கு ஹெலிகொப்டர் விடையளிக்க மாட்டாது.

1965 மார்ச் 8 இல் மரீன் படையினர் டா நாங் கடற்கரையிலே இறங்கினர். 1969 இல் அமெரிக்கத் துருப்பினரின் தொகை 540,000 ஐத் தாண்டிற்று. எதிரி ஈடுசெய்யவியலாத அளவுக்கு அவனது ஆட்பலத்தைத் தேய்த்துவிட்டால் வெற்றி கிட்டும் என்பது தளபதி வெஸ்ற்மோலண்டின் திட்டம். எனவே கொல்லப்பட்டோரின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாயிற்று. 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கிலே நிகழ்ந்த போரில் அமெரிக்கர் இழந்தோரினும் வட வியட்நாமியர் இழந்தோர் பன்மடங்கினர். இக்கணக்கைக் கண்டு அமெரிக்கத் தளபதிகள் தம் வழியே சரியென்றனர். எதிரியும் அப்போரிலே ஒன்றைக் கற்றான்: அமெரிக்கரை மிக நெருங்கிநின்று பொருதால், அவர்தம் பீரங்கியும் விமானமும் சொந்த வீரருக்கு அஞ்சிச் செயலற்றுவிடும் என்பதே அது. பிற்கால ஆய்வுகளின்படி பெரும்பாலான மோதல்களைத் தொடங்கியவன் எதிரியே. போரிடும் வேளையையும் விடும் வேளையையும் தானே தெரிபவன், தன் இழப்பின் அளவையும் ஓரளவு தானே தீர்மானிக்கின்றான். தேய்க்கும் திட்டம் இவ்விடத்தே பழுதுற்றது.

காலத்தை அளந்த முறையும் இத்தகையதே. அமெரிக்கப் போர்வீரன் அங்கே ஓராண்டு மாத்திரமே பணிபுரிந்தான். படையணித் தலைவர் பலர் ஏறக்குறைய 6 மாதங்களில் மாற்றப்பட்டனர். நிலத்தையும் மக்களையும் அறிந்துகொள்ளத் தொடங்கும் வேளையிலே அவர்கள் கப்பலோ விமானமோ ஏறினர். எதிர்ப்பக்கத்து வீரன் போர் முடியும்வரை வீடு திரும்பும் எண்ணமின்றிப் போரிட்டான். 1968 ஜனவரி இறுதியில், டெற் என்னும் புத்தாண்டு வேளையிலே, நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களும் பட்டினங்களும் ஒருங்கே தாக்கப்பட்டன. தாக்கியோர் பேரிழப்பெய்தித் துரத்தப்பட்டனர். ஆயினும், வெற்றி அண்மித்துவிட்டதெனக் கேட்டுவந்த அமெரிக்க மக்கள் அதன்பின் அதனை நம்பவில்லை. மார்ச் 31 இல் ஜனாதிபதி ஜோன்சன் தாம் மீண்டும் தேர்தலிற் போட்டியிடப் போவதில்லையென அறிவித்தார்.

இடத்தை அறிந்தார் அமெரிக்கரிடையே இல்லாமலில்லை. 1966 இல் தரைப்படைத் தலைமையகமே செய்வித்த ஓர் ஆய்வு, போரின் தீர்வு கிராமங்களிலேயே உள்ளது என்றும், அங்கு மக்களின் பாதுகாப்பே முதன்மை பெறல்வேண்டும் என்றும் கூறிற்று. அது ஒதுக்கி வைக்கப்பட்டது. மரீன் படையினர் வேறொரு முயற்சி செய்தனர். பன்னிரண்டு பதினைந்து வீரர் ஒரு கிராமத்திலே தங்கி, அவ்வூர்க் காவற்படையினரோடு இரவிற் சேர்ந்து ரோந்து சென்றனர். இம்முயற்சி உச்சநிலையடைந்த போதும் அதில் ஈடுபட்ட மரீன் வீரர் ஏறத்தாழ 2,000 பேரே. அரை இலட்சத்தின் பத்து மடங்குக்கும் மேற்பட்ட சேனையிலே இத்தொகை எத்துணைச் சிறிது என்பதைச் சிந்தித்தல் தகும்.

58,000 இற்கு மேற்பட்ட அமெரிக்கரும் அவரினும் பன்மடங்கு மிகுதியான வியட்நாம் மக்களும் மாண்டபின், 1973 ஜனவரி 27 இல் பரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன்பின் அமெரிக்கச் சேனை தன்னைத் திருத்திக்கொண்ட வேகம் பாராட்டற்குரியது. கட்டாய இராணுவ சேவை 1973 இலேயே நிறுத்தப்பட்டது. தான் ஹோவாப் பாலத்தை 1965 தொடக்கம் பன்முறை தாக்கியும் வீழ்த்தவியலாத விமானப்படை, 1972 மே மாதத்தில் லேசர் ஒளியாற் செலுத்தப்படும் குண்டுகளைக் கொண்டு அதனை வீழ்த்திற்று; அக்குண்டு பின்வந்த போர்களின் தலையாய கருவியாயிற்று. வான்சமரிற் கண்ட குறைகளை நீக்கக் கடற்படை 1969 இல் விமானிகளுக்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் நிறுவிற்று. 1980 இல் கலிபோர்னியாப் பாலைவனத்திலே, சோவியத் படையைப் போல நடிக்கும் எதிரணியோடு பொருது பழகும் பயிற்சி நிலையம் அமைந்தது. இவற்றின் பயன் 1991 இல் வெளிப்பட்டது: ஈராக்கியப் படையை வெல்ல 100 மணிநேரத் தரைப்போர் போதியதாயிற்று.

இவையனைத்தும் வலியைப் பெருக்கிய பாடங்கள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1976 இல் வெளிவந்த தரைப்படையின் புதிய போர்முறைக் கைந்நூல் ஐரோப்பியச் சமவெளியில் நிகழக்கூடிய தாங்கிப் போரையே பெரிதும் கருதிற்று. வியட்நாமிற் கண்ட வகைப் போரை எங்ஙனம் நடத்துவது என்பதற்குப் பதிலாக, அத்தகைய போரை இனி நடத்தோம் என்பதே முடிபாயிற்று. ஆனால் எத்தகைய போரிடுவது என்பதைச் சேனை தனித்துத் தீர்மானிப்பதில்லை. அரசும் எதிரியும் அதனைத் தீர்மானிக்கின்றனர். 2003 இல் ஈராக்கிற் புகுந்த சேனை, கிளர்ச்சியை அடக்கும் முறைபற்றிப் புதிய கைந்நூலை எழுதிமுடித்தது 2006 டிசம்பரிலேதான். நாற்பது ஆண்டுகளின் முன் ஒதுக்கப்பட்ட ஆய்வின் கருத்து, அதாவது மக்களின் பாதுகாப்பே முதன்மையானது என்பது, அங்கே புதிதாக எழுதப்பட வேண்டியதாயிற்று.

இதற்கோர் ஆட்சேபம் உண்டு. 1975 ஏப்பிரில் 30 இல் சைகோனை வீழ்த்தியவர் கிராமத்திற் பதுங்கியோரல்லர். தாங்கிகளோடு வந்த வட வியட்நாமின் முறைசார் படையினரே. ஆகவே கிராமப் பாடம் மிகைப்படுத்தப்படுகின்றது என்பர் சிலர். நிகழ்ச்சி உண்மையே. ஆயின் பல்லாண்டுகள் பயிற்றி ஆயுதமளித்த தென் வியட்நாம் சேனை இரண்டு மாதத்துக்குள் ஏன் சரிந்தது? அது அமெரிக்கச் சேனையின் சாயலிலே வார்க்கப்பட்டிருந்தது. வானுதவியும் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் கடல்கடந்து வருமென நம்பியே போரிடப் பழகியிருந்தது. அவை குன்றியபோது அதன் வலியும் குன்றிற்று. தலைமையின் ஊழலும் குழப்பமும் எஞ்சியதை அழித்தன. 2021 ஓகஸ்ற் 15 இல் காபுல் வீழ்ந்தபோதும் நிகழ்ந்தது இதனையொத்ததே. ஏட்டிலே 300,000 பேர் வரை கொண்டிருந்த ஆப்கானிய அரசபடை, விமானங்களைப் பேணிய வெளிநாட்டுத் தொழில்நுட்பவியலாளர் நீங்கியபின் சில வாரங்களிற் கலைந்தது.

வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் தன் வலியையும் மாற்றான் வலியையும் கூறியதோடமையாது துணைவரின் வலியையும் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கின்றார். பிறநாட்டிற் போரிடும் சேனைக்கு இதுவே இறுதித் தேர்வு. அச்சேனை என்றோ ஒருநாள் திரும்பியே ஆகவேண்டும். திரும்பியபின் நிற்க வேண்டியவன் துணைவன். அவன் தன் நாட்டிற்கும் தன் கைப்பொருளுக்கும் ஏற்ற முறையிலே நிற்கப் பழக்கப்பட்டானா என்னும் கேள்வியை 1973 இற் கேட்டிருந்தால், 2021 இல் அதனை மீண்டும் கேட்க நேர்ந்திராது. குண்டைத் திருத்துதல் எளிது. அதற்குப் பொறியியலாளர் போதும். எண்ணத்தைத் திருத்துதற்கோ, தோற்ற நாளை மறவாத நெஞ்சு வேண்டும். வரலாறு கற்போர் அந்நினைவைப் பேணுதல் கடன்.